கற்பிக்க அனுமதிப்பவர் ஒருவர், நியமிப்பவர் இன்னொருவர்

தமிழ்நாட்டில் மாநிலத் தகுதித் தேர்வான ‘செட்’ 2018 மார்ச்சில் நடந்தது. அடுத்த தேர்வு நடந்தது 2025 மார்ச்சில். இடையில் ஏழு ஆண்டுகள். துணைவேந்தரை யார் நியமிப்பது என்று அரசும் ஆளுநரும் நடத்திய போராட்டத்தைப் பற்றி நாம் படித்தது ஏராளம். இந்த ஏழாண்டு இடைவெளியைப் பற்றிப் படித்தது மிகக் குறைவு. ஆனால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளில் யார் பாடம் நடத்துகிறார்கள், எந்தச் சம்பளத்துக்கு, எத்தனை ஆண்டு நிச்சயமில்லாமல் நடத்துகிறார்கள் என்பதை அந்த இடைவெளியும் அதைச் சுற்றிய தாமதங்களுமே பெரிதும் தீர்மானித்தன என்று நினைக்கிறேன்.

கல்லூரி உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 50 போதும். அதோடு தேசிய அளவிலான ‘நெட்’ அல்லது மாநில அளவிலான ‘செட்’ தேறியிருக்க வேண்டும், இல்லையேல் விதிப்படி வாங்கிய முனைவர் பட்டம் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை சொல்வது இது. மருத்துவருக்குப் பதிவு எண் எப்படியோ, வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் பதிவு எப்படியோ, கல்லூரி ஆசிரியருக்கு நெட், செட் அப்படி. பட்டம் படித்ததற்குச் சான்று. இது தொழில் செய்வதற்கான உரிமம்.

இந்த உரிமத்தை வழங்கும் வேலையை அரசு ஒரு பொதுப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பதே வழக்கமாக இருந்தது. 2016, 2017, 2018இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தேர்வை நடத்தியது. அதன் பிறகு நீண்ட மௌனம். பின்னர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திடம் பொறுப்பு போனது. 2024 ஜூனில் நடக்கவிருந்த தேர்வு, தொழில்நுட்பக் காரணம் சொல்லப்பட்டுக் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. முடிவில் ஆசிரியர் தேர்வு வாரியம் அதைக் கையிலெடுத்து 2025 மார்ச்சில் நடத்தி முடித்தது. ஒரு தொழிலுக்குள் நுழையும் மாநில வாசல் ஏழாண்டு மூடிக் கிடந்ததற்கு எந்த அமைப்பும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைப்பு என்று ஒன்று சட்டத்தில் தெளிவாகக் குறிக்கப்படாததே காரணம்.

கற்பிக்கும் உரிமத்தை யார் தருவது என்ற கேள்வி பல்கலைக்கழகம் என்ற அமைப்பைப் போலவே பழையது. 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கற்பிக்கும் அனுமதியைத் தந்தவர் நோத்ர் தாம் தேவாலயத்தின் வேந்தர். ஆசிரியர்கள் ஒரு சங்கமாகத் திரண்டு, தகுதியானவரை நாங்களே அறிவோம், வேந்தர் தன் விருப்பப்படி மறுக்கவோ காசு வாங்கிக்கொண்டு கொடுக்கவோ கூடாது என்று வாதாடினார்கள். 1229இல் வேலைநிறுத்தம் செய்து நகரத்தை விட்டே பலர் வெளியேறினார்கள். 1231இல் போப் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட ஆணை வேந்தரின் கையைக் கட்டியது: உரிமம் கேட்டு வருபவரைப் பற்றி ஆசிரியர்களிடம் விசாரித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எட்டு நூற்றாண்டு கழிந்தும் வேந்தர், ஆசிரியர், அரசு என்ற அதே மூன்று தரப்புதான் நம் முன்னும் நிற்கிறது.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் பல்கலைக்கழகம் என்றால் முதலில் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் திருச்சி முதுகலை மையத்திலிருந்து 1982இல் உருவானது அது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும். இரண்டிலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் அதிகம். அவர்களுக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் ஆசிரியர்தான் உயர்கல்வியின் முகம். நல்ல ஆசிரியர் நின்று நிலைத்தால் அந்தப் பிள்ளைக்கு முதுகலை, ஆராய்ச்சி என்று வழி தெரியும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறினால் தெரியாது.

பல்கலைக்கழகத்தை ஆள்வது சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு. துணைவேந்தர் அதன் தலைவர், பதிவாளர் செயலர். உயர்கல்வித் துறைச் செயலாளர் போன்ற அரசு அலுவலர்கள் பதவி வழியாகவும், செனட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் வேந்தரான ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்களும் அதில் இருப்பார்கள். இந்தக் குழுவின் மேசைக்கு வரும் கோப்புகளில் மூன்று வகை நம் பேச்சுக்கு முக்கியம். முதலாவது, பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளுக்கு ஆசிரியர் நியமனம்: தேர்வுக் குழு நேர்காணல் நடத்திப் பட்டியல் தரும், ஆட்சிக்குழு ஒப்புதல் தரும். இரண்டாவது, கல்லூரிகளுக்கு இணைவு: ஆய்வுக் குழு போய்ப் பார்த்து அறிக்கை தரும், ஆட்சிக்குழு முடிவெடுக்கும். மூன்றாவது வெளியே அதிகம் தெரியாதது. தனியார் கல்லூரிகள் நியமிக்கும் ஆசிரியர்களின் கல்வித் தகுதியைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது. கல்லூரிக்காரர்கள் இதை ‘குவாலிஃபிகேஷன் அப்ரூவல்’ என்றே சொல்வார்கள். சுயநிதிக் கல்லூரிகள் நிறைந்த பெரம்பலூரில், ஓர் ஆசிரியர் தகுதியுள்ளவரா என்று கல்லூரி நிர்வாகத்துக்கு வெளியிலிருந்து கேட்கப்படும் ஒரே கேள்வி பல சமயம் இதுதான்.

ஆக, ஒரே குழுவிடம் நியமிக்கும் அதிகாரமும் ஒருவகை உரிமம் வழங்கும் அதிகாரமும் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே கையில் இருப்பதன் ஆபத்து கற்பனையல்ல. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் பணிக்காக 30 லட்சம் ரூபாய் லஞ்சம் கேட்டு வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார். அண்ணா பல்கலைக்கழகத்தில் வேறு விதம். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்கள், 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதையும், 224 கல்லூரிகள் இதில் வருவதையும் காட்டின. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஆய்வுக் குழு போயிருக்கிறது. ஒவ்வொரு பட்டியலும் சரிபார்க்கப்பட்டதாகக் கையெழுத்தாகி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தரவிலேயே கிடந்த முரண்பாட்டை வெளியிலிருந்து ஒரு தன்னார்வ அமைப்பு வந்து எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

அதிகாரத்தைப் பிரித்து வெவ்வேறு அமைப்புகளிடம் கொடுத்தால் இது சரியாகுமா? அரசுக் கலைக் கல்லூரிகளில் கொடுத்துப் பார்த்தாயிற்று. அங்கே தகுதியை வரையறுப்பது மானியக் குழு. தகுதித் தேர்வு நடத்துவது ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம், இப்போது ஆசிரியர் தேர்வு வாரியம். ஆளைத் தேர்ந்தெடுப்பது அதே வாரியம். பணியிடம் தருவதும் சம்பளம் தருவதும் கல்லூரிக் கல்வி இயக்ககம். பாடத்திட்டமும் பட்டமும் பாரதிதாசன் பல்கலைக்கழகம். தகுதித் தேர்வு வாரியத்திடம் வருமுன் ஐந்து கைகள். லஞ்சத்துக்கு இடம் குறைந்தது உண்மை; அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கை அசையாவிட்டால் மற்ற நான்கும் சும்மா நிற்கும் நிலையும் வந்தது.

கணக்கைப் பாருங்கள். 2013இல் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது. 2019இல் 2,331 இடங்களுக்கு இன்னொன்று. அது நியமனம் வரை போகாமலே கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள். ஆகஸ்டில் நடக்கவிருந்த எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு வேறோர் அறிவிக்கை வந்தது. 2013இல் முதுகலை முடித்த 23 வயது இளைஞருக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். மாநிலம் முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர். 1965இல் தொடங்கிய அரியலூர் அரசு கலைக் கல்லூரி முதல் பெரம்பலூர் மாவட்டத்தின் குரும்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர் கல்லூரிகள் வரை வகுப்பறைச் சுமையில் கணிசமான பகுதி இவர்கள் தோளில்தான். மாதத் தொகுப்பூதியம் பத்தாயிரத்திலிருந்து படிப்படியாக ஏறி 25,000 ரூபாயாகி இருக்கிறது. ஆண்டில் பதினொரு மாதம் மட்டும். மானியக் குழு 2019இல் விருந்தினர் ஆசிரியர்களுக்குச் சொன்னது வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. தகுதியை வரையறுக்கும்போது மானியக் குழுவின் விதி கட்டாயம். ஊதியம் என்று வரும்போது அதே குழுவின் விதி வெறும் ஆலோசனை. இது எனக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது.

இங்கேதான் செட் இடைவெளியின் கூர்மை தெரிகிறது. பழைய தேர்வுமுறையில் பணி அனுபவம், கல்வித் தகுதி, நேர்காணல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. அனுபவம் என்பது உரிய தகுதி பெற்ற பிறகு பணியாற்றிய காலம். வேப்பூரில் ஒருவர் ஆறு ஆண்டு பாடம் நடத்தியிருக்கலாம். ஆனால் செட் எழுத வாய்ப்பே இல்லாத ஆண்டுகள் அவை. நெட்டும் தேறவில்லை, முனைவர் பட்டமும் முடியவில்லை என்றால் அந்த ஆறு ஆண்டும் ஏட்டில் ஏறாது. வாசலைத் திறக்காதது ஓர் அமைப்பு. உள்ளே வரவில்லை என்று ஆளைத் தள்ளியது இன்னோர் அமைப்பு. இரண்டின் கோப்பையும் தனித்தனியே பார்த்தால் பிழை தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் அநீதி தெரியும்.

விதிகளும் நிலையாக இல்லை. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக 2021 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018 ஒழுங்குமுறை சொன்னது. கொரோனாவை ஒட்டி அது 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்த நாள் வந்தபோது கட்டாயமே நீக்கப்பட்டு நெட், செட் போதும் என்றானது. இடையில் கடன் வாங்கி, குடும்பத்தை விட்டுப் பிரிந்து அவசரமாக ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

குரும்பலூர், வேப்பூர் கல்லூரிகளின் கதை தனியே சொல்ல வேண்டியது. இவை பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளாகப் பிறந்தவை. அதாவது திருச்சி ஆட்சிக்குழுவே இங்கே நிர்வாகம்; நியமனமும் அதன் கையில். கல்லூரி இல்லாத ஒன்றியங்களுக்குக் கல்லூரி கொண்டுவர அது விரைவான வழி. ஆனால் பல்கலைக்கழகத்தின் நிதியோ குறைவு. நிரந்தர இடங்களை உருவாக்காமல் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டே ஓட்டினார்கள். பிறகு அரசு இத்தகைய கல்லூரிகளை ஏற்று அரசுக் கல்லூரிகளாக்கியது. கட்டணம் குறைந்தது, மாணவர்களுக்கு மிக நல்லது. ஆசிரியர்களைப் பொறுத்தவரை நியமன அதிகாரம் ஆட்சிக்குழுவிடமிருந்து நழுவி வாரியத்திடம் போய்ச் சேர்ந்தது. இடைக்காலத்தில் அங்கே ஏற்கெனவே பணியாற்றியவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்பது நெடுநாள் கேள்வியாகவே இருந்தது.

இனி துணைவேந்தர் நாற்காலி. 2022 ஏப்ரல் 25இல் சட்டப்பேரவை, துணைவேந்தரை மாநில அரசே நியமிக்க வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் தரவில்லை. 2023 செப்டம்பரில், சென்னை, பாரதியார், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகங்களுக்கு மானியக் குழுப் பிரதிநிதியைச் சேர்த்து ஆளுநர் தேடுதல் குழு அமைத்தார்; அதே மாதம் அந்தப் பிரதிநிதி இல்லாமல் அரசு வேறு குழுவை அறிவித்தது. நவம்பரில் அவர் திருப்பியனுப்பிய பத்து மசோதாக்களைப் பேரவை 18ஆம் தேதி மறுபடி நிறைவேற்ற, அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. மே 21இல் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்த ஐவர் அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிப்பதும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் நீதிமன்றத்தால் ஆகாது என்று கருத்துச் சொன்னது.

சட்டச் சிக்கல் உண்மையானது. கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேடுதல் குழு ஒரே ஒரு பெயரைத்தான் பரிந்துரைத்தது, மானியக் குழு விதிக்கு அது முரண் என்பது காரணங்களில் ஒன்று. மாநிலச் சட்டமா, மானியக் குழு விதியா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் விடை சொல்லித்தான் ஆக வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியதும் பெருமளவு பணம் போடுவதும் மாநிலம் என்கிறபோது, நியமனத்தில் அதன் சொல்லுக்கே கனம் அதிகம் இருக்க வேண்டும் என்பது என் நிலை. ஆனால் அரசு நியமித்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நம்பவில்லை. 2018க்குப் பிறகு ஏழாண்டு செட் நடக்காததற்கும், 2019 அறிவிக்கை கைவிடப்பட்டதற்கும் ஆளுநர் காரணமல்ல.

இடையில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. பாரதியார் பல்கலைக்கழகம் 2022 அக்டோபரில், சென்னை 2023 ஆகஸ்டில், அண்ணா 2024 ஆகஸ்டில். பாரதிதாசன் துணைவேந்தர் செல்வத்தின் காலம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டு 2025 தொடக்கத்தில் முடிந்தது. காலியான இடத்தில் ஒருங்கிணைப்புக் குழு வரும். அன்றாடக் கோப்பு நகரும், தேர்வு நடக்கும், சம்பளம் போகும். பத்து ஆண்டு தள்ளிப் பயன் தரும் முடிவு எதையும் அந்தக் குழு துணிந்து எடுக்காது. அரியலூரில் 2008 முதல் இயங்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. அங்கே ஒரு துறைக்கு நிரந்தரப் பேராசிரியர் வேண்டுமா என்பதைச் சென்னையிலுள்ள ஆட்சிக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். கிண்டி வளாகத்தில் துணைவேந்தர் இல்லாததன் வலியை அரியலூர் கவனிக்கப்படாமலே சுமக்கிறது.

மருத்துவத்தை ஒப்பிட்டால் வேறு படம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று, 150 இடங்கள். குழுமூர் அனிதாவின் பெயர் அதன் அரங்கத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தும், மருத்துவ நுழைவை மாற்றியமைத்த நீட் விதியால் வெளியே நின்று, உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 செப்டம்பர் 1இல் உயிர் நீத்த பிள்ளை அவர். ஒரு தொழிலின் வாசலை யார், எந்த நேரத்தில், எவ்வளவு அவகாசம் கொடுத்து மாற்றுகிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை என்று அரியலூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்தக் கல்லூரியில் பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். தொழில் உரிமம் தருவது தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்; 1914 சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழி வந்த அமைப்பு அது. ஆசிரியர்களை நியமிப்பது அரசு. கல்லூரியை அனுமதிப்பது 2020இல் இந்திய மருத்துவ கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம். அதிகாரம் இங்கேயும் நான்காகப் பிரிந்திருக்கிறது. ஆனால் ஓராண்டு பயிற்சி மருத்துவம் முடித்தவர் பதிவுக்காக ஏழாண்டு காத்திருப்பதில்லை. உரிமம் வழங்குவது கவுன்சிலின் அன்றாட வேலை; துணைவேந்தர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிவேடு மூடாது. ஆசிரியர் பற்றாக்குறை இங்கும் உண்டு. 2025இல் தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 34க்கு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கலைக் கல்லூரியில் ஆள் இல்லையென்றால் அப்படிக் கேட்க எவரும் இல்லை. பாரதிதாசன் ஆட்சிக்குழு, தான் பட்டம் வழங்கும் அரசுக் கல்லூரிக்கு, நிரந்தர ஆசிரியர் எங்கே என்று நோட்டீஸ் அனுப்பிப் பார்த்திருக்கிறோமா? இணைவு தரும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. தனியார் கல்லூரியிடம் கேட்கும் கேள்வியை அரசுக் கல்லூரியிடமும் கேட்க அது போதும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் இதே கதை நீள்கிறது. பி.எட். பட்டம் தருவது ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். தகுதி வரையறுப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழு. 2012 முதல் ‘டெட்’ எனும் ஆசிரியர் தகுதித் தேர்வை நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம். 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்றது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவரிடம் இப்போது உரிமம் கேட்கப்படுகிறது. கேட்பது தவறா சரியா என்பதைவிட, கேட்டால் எழுதுவதற்கு ஆண்டுதோறும் தேர்வு வைக்கும் கடமை யாருக்கு என்பது முதலில் தீர வேண்டும்.

துணைவேந்தர் வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. செட் தேர்வை ஆண்டுக்கு ஒருமுறை நடத்துவதை அரசு ஆணையாக அல்லாமல் சட்டக் கடமையாக்கலாம். நடத்தும் அமைப்பு ஒன்றே என்று நிலைநிறுத்தலாம். தேர்வு நடக்காத ஆண்டுகளில் பணியாற்றியவர்கள் பின்னர் தேறினால், அந்த ஆண்டுகளையும் அனுபவமாக எண்ணலாம். ஆட்சிக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை ஒரு மாதத்துக்குள் வெளியிடலாம். இணைவு ஆய்வறிக்கையையும் தகுதி ஒப்புதல் பெற்ற ஆசிரியர் பட்டியலையும் யாரும் தேடிப்பார்க்கும்படி பொதுவில் வைக்கலாம். ஒரே பெயர் இரண்டு கல்லூரிகளில் இருந்தால் பெரம்பலூரில் ஒரு மாணவரே கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு அரசுக் கல்லூரியின் வாசலிலும், துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரந்தரமாக நிரம்பியது எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், அவர்களில் நெட், செட், முனைவர் பட்டம் உள்ளவர் எத்தனை பேர் என்ற நான்கு எண்களை எழுதி வைக்க அரசாணை எதுவும் தேவையில்லை. கல்லூரி முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும். முதலில் குரும்பலூரிலும் வேப்பூரிலும் எழுதட்டும்.